பூலாங்க் ஓப்பராவின் கடைசிக் காட்சி: 13 குரல், ஒரு பியானோ போதுமா?

அருள்மேரி, ஜார்ஜ்டவுன்

வணக்கம். பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்கின் ‘கார்மல் சகோதரிகளின் உரையாடல்கள்’ ஓப்பராவில் கடைசிக் காட்சியை மட்டும் எங்கள் தேவாலயப் பங்குப் பாடகர் குழுவை வைத்துப் பாடலாம் என்று பார்க்கிறோம். பிரெஞ்சுப் புரட்சியில் 1794 ஜூலை 17 அன்று பாரிசில் கொல்லப்பட்ட கொம்பியேன் ஊர்க் கன்னியர் மடத்து மறைசாட்சிகளின் கதை. கடைசிக் காட்சியில் எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, கில்லட்டின் ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு குரல் நிற்கும். 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்ததிலிருந்தே இந்த எண்ணம் இருக்கிறது. அவர்கள் 16 பேர். எங்களிடம் பெண்குரல் 13, ஒரு பியானோ, தட்டினால் பதிவுசெய்த ஒலியை எழுப்பும் ஒரு டிரம் பேட். குரல் குறையக் குறையச் சுருதி இறங்கிவிடுகிறது. கில்லட்டின் சத்தத்தை எப்படிக் கொடுப்பது? கோவிலிலேயே நடத்தலாமா?

தாளம்\_சிரம்பான்

அக்கா, ஆள் மூன்று குறைவு என்பதற்காக வெட்டைக் குறைக்காதீர்கள். முதல் மூன்று வெட்டு விழும்போது எல்லாரும் சேர்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு குரல் நின்றதா இல்லையா என்று யாருக்கும் காதில் பிடிபடாது. அந்த மூன்று இடத்துக்கும் பாடாத இளையோர் மூவரை வரிசையில் நிறுத்துங்கள். நான்காவது வெட்டிலிருந்து உண்மையிலேயே குரல் குறையட்டும்.

சத்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதிவில் முதலில் இரும்பு சறுக்கும் ஓசை, பிறகு ‘தொப்’. பாடுபவர் நிறுத்த வேண்டியது அந்தத் ‘தொப்’பில். சறுக்கல் அரை விநாடி இருந்தால், ஸ்கோரில் (இசைத்தாளில்) போட்டிருக்கும் இடத்தில் பேடைத் தட்டும்போது அடி அரை விநாடி தாமதமாக விழும். சறுக்கலை வெட்டிச் சுருக்குங்கள், இல்லையென்றால் தட்டுபவர் முன்கூட்டியே தட்டப் பழகட்டும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அதுவும் தாமதிக்கும். கம்பி போட்டு இணையுங்கள். கல் கட்டடக் கோவில் என்றால் எதிரொலி நீண்டு லத்தீன் சொற்களை விழுங்கிவிடும். அடியின் வால் குறுகலாக இருக்க வேண்டும்.

வெட்டுகள் சீரான இடைவெளியில் வருவதில்லை, பூலாங்க் வேண்டுமென்றே அப்படி எழுதினார். ஆகவே எல்லாவற்றையும் ஒரே டிராக்கில் ஓட விடாதீர்கள். இசை நடத்துபவரைப் பார்த்தபடி ஒருவர் கையால் தட்ட வேண்டும்.

ஆல்டோ\_பிரிக்பீல்ட்ஸ்

சுருதி இறங்குவதற்குக் காரணம், பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவர் அந்தக் குரல் நின்றதும் தவித்துப்போவதுதான். பயிற்சியைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்: முதலில், கடைசியாகச் சாகும் இளம் சகோதரி பிளான்ஷ் தனியாக, அடுத்து அவளுக்கு முன் சாகும் தோழி கொன்ஸ்தான்ஸ், பிறகு நால்வர், எட்டுப் பேர் என்று சேர்த்துக்கொண்டே போங்கள். உறுதியான ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்) ஒருவரையாவது கடைசி ஐந்து பேர் வரை விட்டுவையுங்கள்; நல்ல குரல்களை முதலிலேயே அனுப்பினால் மிஞ்சுகிறவர்கள் தடுமாறுவார்கள்.

இன்னொன்று: இதில் அவர்கள் பாடும் ‘சால்வே ரெஜினா’ என்ற லத்தீன் மாதா பாட்டு, கோவிலில் பாடும் பழைய கிரகோரியன் மெட்டு அல்ல, பூலாங்கே அமைத்தது. பழைய மெட்டு தெரிந்தவர்கள் தெரியாமலே அதற்கு வழுக்குவார்கள். நிறுத்தும்போது குரலைத் தேய்க்காமல் சொல்லின் நடுவிலேயே அறுக்க வேண்டும். நின்றபின் அசைவு, இருமல், தாள் புரட்டல் எதுவும் கூடாது.

யூஜின், பட்டர்வொர்த்

கோவிலில் இசை நிகழ்ச்சி நடத்துவது பற்றி 1987 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட கடிதம் இருக்கிறது. ஆயரிடம் போதிய காலம் முன்பே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. பாடுபவர்கள் பலிபீடப் பகுதியில் நிற்கக்கூடாது. நற்கருணையை முடிந்தவரை பக்கச் சிற்றாலயத்துக்கோ வேறு தகுந்த இடத்துக்கோ மாற்ற வேண்டும். நின்று பாடும் கச்சேரியாக வையுங்கள். வெட்டுமேடை, உடை, நடிப்பு என்றால் மண்டபம்தான் சரி. அங்கே டிக்கெட் விற்பதானால் மாநகர் மன்ற உரிமத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமை: பூலாங்க் 1963-இல் காலமானார். மலேசியாவில் படைப்பாளி இறந்து 50 ஆண்டு என்பதால் இசை இங்கே விடுபட்டுவிட்டது. பிரான்சில் 70 ஆண்டு. ஓப்பராவின் பாடல்வரிகளில் வேறு சிலர் உரிமையும் கலந்திருக்கிறது. இணையத்தில் நேரலை போடும் எண்ணம் இருந்தால் இதை வெளியிட்ட ரிக்கோர்டி பதிப்பகத்துக்கு முதலில் எழுதிவிடுங்கள்.

அருள்மேரி, ஜார்ஜ்டவுன்

மிக்க நன்றிங்க. கோவிலில் கச்சேரியாகவே வைக்கிறோம். கதை தெரியாதவர்களுக்குப் பாட்டுக்கு முன் என்ன சொல்வது?

ஆல்டோ\_பிரிக்பீல்ட்ஸ்

மறைசாட்சியம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், அக்கா. முதல் அங்கத்தில் மூத்த தலைமைச் சகோதரி பயந்து, கடவுள் கைவிட்டதாக அலறிச் சாகிறார். அந்தச் சாவு அவருடையதாக இல்லை, வேறொருவருடைய சாவை அவர் ஏற்றிருக்கலாம் என்று கொன்ஸ்தான்ஸ் சொல்வாள். எதற்கும் நடுங்கிய பிளான்ஷ் கடைசியில் அமைதியாக மேடையேறுவதற்கு அதுதான் விளக்கம். இது தெரியாவிட்டால் கேட்பவர்களுக்குச் சோகம் மட்டும்தான் மிஞ்சும். பூலாங்க் இதை எழுதிய காலத்தில், 1955-இல், அவர் நேசித்த லூசியன் ரூபேர் நோயில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடுதான் வேலையை முடித்தார்.

இரண்டு நிமிடம் தமிழில் இதைச் சொல்லுங்கள். திரையில் லத்தீனுக்குப் பொருளாக, செபமாலை முடிவில் நம்மவர்கள் சொல்லும் ‘கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற’ செபத்தைப் போடலாம். பிளான்ஷ் பாடும் ‘வேனி கிரேயாத்தோர்’ (தூய ஆவியாரை அழைக்கும் லத்தீன் பாட்டு) கடைசிப் பத்திக்குத் திரையை அணைத்துவிடுங்கள், எல்லாரும் அவளையே பார்க்கட்டும்.