மறு: ‘டீட்யூன்’ என்பதற்குத் ‘திறன்குறைப்பு’ சரியா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

டிரக்குக்காக ‘டீட்யூன்’ செய்த, அதாவது திறனைக் குறைத்து அமைத்த, எஞ்சினைத் ‘திறன்குறைப்பு எஞ்சின்’ எனலாம் என்று எழுதிய சேலத்து ஐயாவுக்கு வணக்கம். சொல் கச்சிதம், பொருள்தான் இடிக்கிறது. அவர் காட்டிய எஞ்சினையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

கிரைஸ்லரின் 8 லிட்டர் வி-10, அதாவது ‘V’ வடிவில் பத்து சிலிண்டர் கொண்ட எஞ்சின். 1992-இல் டாட்ஜ் வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது, 1994-இல் டாட்ஜ் ராம் பிக்கப் டிரக்கில். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 101.6 மி.மீ., பிஸ்டன் வீச்சு 98.6 மி.மீ. காருக்கு அலுமினிய பிளாக். அதை உருவாக்க, அப்போது கிரைஸ்லர் வசமிருந்த லம்போர்கினி கைகொடுத்தது. டிரக்குக்கு வார்ப்பிரும்பு. காரில் 400 குதிரைத்திறன், டிரக்கில் 300. இதோடு கணக்கை மூடினால் ஐயா சொன்னது சரி. நூறு குதிரை காணாமல் போயிருக்கிறது.

மூடாமல் அடுத்த வரிக்கு வாருங்கள். உச்சத் திருப்புவிசை (டார்க்) காரில் சுமார் 630 நியூட்டன் மீட்டர், டிரக்கில் சுமார் 610. ஏறக்குறைய சமம்தானே? ஆனால் காருக்கு அந்த உச்சம் கிடைப்பது நிமிடத்துக்கு 3600 சுழற்சியில். டிரக்குக்கு 2400-லேயே கிடைத்துவிடுகிறது. திருப்புவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் திறன். கார் எஞ்சின் 4600 வரை தம் பிடித்து ஏறி 400 குதிரையைத் தொடுகிறது. டிரக் எஞ்சினுக்கு 4000-லேயே மூச்சு வாங்குகிறது. பாரத்தோடு நாள் முழுக்க ஓடவேண்டிய வண்டிக்கு அந்த உயரம் எதற்கு? வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், காற்று உள்ளே போகும் குழாய் எல்லாவற்றையும் கீழ்ச்சுழற்சிக்கு ஏற்ப அமைத்திருக்கிறார்கள். இதில் இடமாற்றம் இருக்கிறது. குறைப்பு என்று மட்டும் சொன்னால் பாதி நியாயம்தான்.

இதை எங்கள் ஊர் லாரிப் பட்டறையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அவர்களிடம் இரண்டு சொல் உண்டு: ‘பிக்கப்’, ‘புல்லிங்’. பேரணாம்பட்டு தாண்டி ஆந்திர எல்லை மலைப்பாதையில் லோடு ஏற்றிப் போகிறவர் கேட்பது புல்லிங். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முந்திப் போகிறவர் கேட்பது பிக்கப். குதிரைத்திறனைப் பற்றி இருவருமே கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே என் பரிந்துரை: ‘ட்யூன்’ என்பதற்குப் ‘பதம்’. ‘ட்யூன் செய்தல்’ பதமாக்கல். டிரக்கில் இருப்பது இழுவைப் பதம், காரில் இருப்பது விரைவுப் பதம். ‘டீட்யூன்’ என்று தனியாக ஒரு சொல்லே வேண்டாம். எந்தப் பதத்துக்கு மாற்றினோம் என்று சொன்னால் போதும்.

இது தோன்றியதற்குக் காரணம் நான் இருக்கும் இடம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். ஒரே மாட்டுத்தோலைப் பட்டைச் சாற்றில் ஊறவைத்தால் ஷூவின் அடிப்பகுதிக்கு ஆகும் விறைப்பான தோல். குரோம் உப்பில் பதனிட்டால் ஷூவின் மேற்பகுதிக்கு ஆகும் மெத்தென்ற தோல். மெத்தென்றிருப்பதை ‘விறைப்புக் குறைத்த தோல்’ என்று எந்த டேனரியிலும் சொல்லமாட்டார்கள். வெல்லப்பாகும் அப்படித்தான். அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை உருண்டைக்கு ஒரு பதம்.

‘ட்யூன்’ என்பதற்குச் ‘சுருதி’ என்று முன்பு ஒரு அம்மா எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் சுருதி சேர்ந்தது, சேராதது என்று இரண்டே நிலைதான் உண்டு. இந்த வி-10-க்கோ இரண்டு நிலையும் சரி, வேலைதான் வேறு.

— வேலூரிலிருந்து

மறு:

தம்பி, உங்கள் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ‘பதம்’ மட்டும் உறுத்துகிறது. இலக்கணத்தில் பதம் என்றால் சொல். பதப்படுத்தல் என்றாலோ ஊறுகாய் ஞாபகம் வருகிறது. பேசாமல் ‘லாரி அமைவு’, ‘கார் அமைவு’ என்றால் என்ன குறை?

— சேலத்திலிருந்து

மறு:

ஐயா, ஊறுகாய்க்குப் பயந்துதான் ‘பதப்படுத்தல்’ என்று எழுதாமல் ‘பதமாக்கல்’ என்று எழுதினேன். நன்னூல் படித்தவர் யாரும் பட்டறையில் குழம்பப்போவதில்லை; பட்டறைக்காரர் நன்னூலில் குழம்பினால் அது வேறு கதை.

சொல்லுக்குள் வண்டியின் பெயரை வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே டாட்ஜ் 2004-இல் ராம் எஸ்ஆர்டி-10 என்ற டிரக்கை இறக்கியது. அதற்குள் உட்கார்ந்திருந்தது வைப்பரின் 8.3 லிட்டர் வி-10, 500 குதிரைத்திறன். டிரக்குக்குள் ‘கார் அமைவு’ என்று எழுதினால் வாசகர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். விரைவுப் பதம் என்றால் எந்த வண்டிக்குள் இருந்தாலும் பொருந்தும். ‘அமைவு’ என்ற சொல்லை ‘செட்டிங்’குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நேற்றுக் காட்பாடிப் பக்கம் எனக்குத் தெரிந்த லாரிப் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம், “இழுவைப் பதம்னா இன்னா புரியுது?” என்று கேட்டேன். “புல்லிங்குக்கு செட் பண்ணது. அதுக்கு இன்னா இப்போ?” என்றார். ‘விரைவுப் பதம்’ என்றதும் கொஞ்சம் யோசித்தார். “விரைவு இன்னாத்துக்கு சார்? பாய்ச்சல்னு சொல்லு.”

விரைவுப் பதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘பாய்ச்சல் பதம்’ என்று பட்டியலில் திருத்திக்கொள்ளலாமா, ஐயா?