பூட்டாத சக்கரம்

நான் (இரவு 9.40): இன்று நோயாளியைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் செய்முறைத் தேர்வு நடந்தது. படிகள் அனைத்தும் மனப்பாடமாக இருந்தும், நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டாமலே நோயாளியை எழுப்பத் தொடங்கிவிட்டேன். ஆசிரியர் அங்கேயே தேர்வை நிறுத்திவிட்டார். காலையில் வகுப்பு, பிற்பகலில் வார்டு, நள்ளிரவு தாண்டியும் படிப்பு என்று மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. இந்த உதவிச் செவிலியர் பயிற்சியை என்னால் முடிக்க இயலுமா என்று அச்சமாக இருக்கிறது.

அம்மா (9.43): தேர்வு முடியும் வரை வீட்டு வேலை எதிலும் நீ கை வைக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சித்தி (9.52): இதே வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். மனப்பாடம் செய்த படி பதற்றத்தில் மறந்துபோகும். ஏன் செய்கிறோம் என்று தெரிந்த படி மறக்காது. பூட்டாத நாற்காலி பின்னால் உருண்டால் உட்காரப் போகிறவர் தரையில் விழுவார், முதியவராக இருந்தால் இடுப்பெலும்பே முறியக்கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படித்தான்: எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அழுந்திய தோலுக்கு இரத்தம் போகாமல்தான் குதிகாலிலும் புட்டத்திலும் படுக்கைப்புண் வருகிறது. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுதி வை.

நான் (9.58): பக்கவாத நோயாளிக்குச் சட்டை மாற்றுவதில் எந்தக் கை முதலில் என்று இன்னும் குழம்புகிறேன், சித்தி.

சித்தி (10.04): அணிவிக்கும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். மடங்காத கைக்குத் துணி தளர்வாக இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் இறுக்கத்தை நல்ல கைதான் வளைந்து சமாளிக்கும். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒருவர் உடம்பில் நான்கு முறை செய்து பார்.

அண்ணன் (10.06): நான் படுத்துக்கொள்கிறேன். நாடித்துடிப்பு, மூச்சு எல்லாவற்றையும் என்னிடமே எண்ணிப் பழகு.

சித்தி (10.11): நல்லது. ஆனால் மூச்சை எண்ணப் போவதாக அவனிடம் சொல்லாதே, சொன்னால் மூச்சின் வேகம் தானாக மாறிவிடும். நாடியை எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் கவனி. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். உறக்கத்தைக் குறைக்காதே, கண் சொருகும் நிலையில் மனிதரைத் தூக்குவது உனக்கும் அவருக்கும் ஆபத்து.

நான் (10.15): அப்படியானால் இன்று புத்தகத்தை மூடிவிடுகிறேன். அண்ணா, நாளை மாலை ஆறு மணிக்கு உன் இடது கை செயலிழந்ததாக வைத்துக்கொள். நான் என்ன செய்தாலும் அந்தக் கையால் எனக்கு உதவாதே. சட்டையை மாற்றிய பிறகு நாற்காலிக்கு மாற்றுவதையும் செய்து பார்க்க வேண்டும்.