காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு: ப்ரீகாஸ்ட் முறையில் கட்டலாமா?

காங்கேயத்தான்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்திற்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டத்தில், பழைய ஓட்டுச் சாளையை ஒட்டி, அப்பாவும் அம்மாவும் குடியிருப்பதற்காகத் தரைத்தளமும் அதன் மேல் ஓர் அறையுமாக வீடு கட்ட இருக்கிறோம். செங்கல், எம்-சாண்டு விலையும் கொத்து வேலைக்கு ஆள் கிடைக்காத நிலையும் உங்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். இந்நிலையில் ஒரு நிறுவனத்தார் ப்ரீகாஸ்ட் முறையில், அதாவது சுவர், தளம், படிக்கட்டு ஆகிய அனைத்தையும் தங்கள் ஆலையிலேயே கான்கிரீட்டில் முன்கூட்டி வார்த்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேன் வைத்து நிறுத்தி, 45 நாளில் சாவியைக் கையில் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். சுவரின் தடிமன் 150 மில்லிமீட்டர். சதுர அடி விலை வழக்கமான கட்டுமானத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஒப்பந்தம் போட்டவுடன் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள்.

எங்கள் பகுதியில் ப்ரீகாஸ்ட் என்றால் காட்டைச் சுற்றி நிறுத்தும் காம்பவுண்டுச் சுவரைத்தான் பார்த்திருக்கிறோம். குடியிருக்கும் வீடாக யாரும் கட்டிப் பார்த்ததில்லை. துண்டு துண்டாக வந்து சேரும் வீடு காலத்துக்கும் நிற்குமா, சித்திரை வெயிலை எப்படித் தாங்கும், கையெழுத்திடும் முன் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கட்டமைப்புப் பொறியாளர், கோவை

ஆலையில் வார்க்கும் கான்கிரீட்டின் தரத்தைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. எடை பார்த்துக் கலக்கப்பட்டு, இரும்பு அச்சில் ஊற்றப்பட்டு, அதிர்வு கொடுத்து இறுக்கப்பட்டு, வெயில் படாமல் பதப்படுத்தப்படும் பலகை, நம் தளங்களில் மிஷின் வைத்துக் கலக்கும் கான்கிரீட்டைவிடப் பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் பலகையும் பலகையும் சேரும் மூட்டு. வார்ப்புக் கட்டடம் உடைந்த வரலாறு பெரும்பாலும் மூட்டில் தொடங்கிய வரலாறுதான்.

1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து, ஒரே ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டது. அதன் மேல் அமர்ந்திருந்த தளங்களுக்கு வேறு பிடிமானம் இல்லாததால் அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ் வரை சரிந்து, நான்கு பேர் இறந்தார்கள். பின்னர் 1986இல் அந்தக் கட்டடத்தைப் பலகை பலகையாகக் கழற்றியபோது, பல மூட்டுகள் சரியாக நிரப்பப்படாமலே இருந்தது வெளிப்பட்டது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது லெனினகான் நகரில் தூணும் உத்தரமுமாகக் கோக்கப்பட்ட ஒன்பது மாடி வார்ப்புக் கட்டடங்கள் பெருமளவில் இடிந்து விழுந்தன. அதே ஊரில் பெரிய சுவர்ப் பலகைகளால் கட்டப்பட்டவை நின்றன. இரண்டுமே ஆலையில் வார்க்கப்பட்டவைதான். ஆகவே ப்ரீகாஸ்ட் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. உங்கள் வீட்டில் எந்தப் பலகை எதனோடு எப்படிப் பிணைக்கப்படுகிறது என்று கேட்டால்தான் கிடைக்கும். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கம் ஒன்று உண்டு என்பதையும், நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 1893, தன் 2002, 2016 பதிப்புகளில் இந்நகரை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்திருப்பதையும் நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தளத்தில் அந்த மூட்டு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்கிறேன், நீங்களே நேரில் நின்று பார்ப்பதற்கு உதவும். அடித்தளத்திலிருந்து கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். சுவர்ப் பலகையின் அடிப்பகுதியில் அவற்றுக்கு நேராகக் குழாய்த் துளைகள் இருக்கும். கிரேனில் தொங்கும் பலகையை மெல்ல இறக்கி, கம்பிகளைத் துளைகளுக்குள் நுழைய விட்டு, தூக்குக்குண்டு பார்த்து, சாய்வுத் தாங்கிகளால் நிறுத்திய பின், சுருங்காத கிரவுட்டை (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) கீழ்த் துளை வழியே செலுத்துவார்கள். அது மேல் துளை வழியே வெளியே வழிந்தால்தான் உள்ளே முழுவதும் நிரம்பியதாகப் பொருள். கம்பி ஒன்றிரண்டு அங்குலம் விலகி நின்று பலகை இறங்காமல் போகும்போது, கேஸ் கட்டர் வைத்துக் கம்பியை அறுத்துவிட்டுப் பலகையை உட்கார வைக்கும் பழக்கம் சில தளங்களில் உண்டு. பூச்சு முடிந்த பின் அதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் கிரவுட் ஊற்றும் நாள்களில் உங்கள் சார்பில் ஒரு பொறியாளர் தளத்தில் இருப்பார் என்றும், கிரவுட்டின் கனசதுர மாதிரிகள் சோதனைக்கு அனுப்பப்படும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஐ.எஸ். 15916, ஐ.எஸ். 11447 ஆகிய தரநூல்களின்படி வடிவமைத்த மூட்டு வரைபடங்களைக் கேளுங்கள். அவற்றைக் காட்டத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

வெயிலைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானது. கான்கிரீட் செங்கல்லைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் இருந்த இடத்தில் ஆறு அங்குலக் கான்கிரீட் வந்தால், மேற்குப் பார்த்த அறை இரவு வரை அனலடிக்கும். இரு கான்கிரீட் அடுக்குகளுக்கு நடுவே தெர்மாகோல் வைத்து வார்க்கும் பலகையை மேற்கு, தெற்குச் சுவர்களுக்காவது கேளுங்கள்.

தள மேற்பார்வையாளர், பல்லடம்

வணக்கம் காங்கேயத்தாரே. பொறியாளர் மூட்டைப் பற்றிச் சொன்னதில் கூட்ட எதுவும் இல்லை. நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: தார் ரோட்டிலிருந்து உங்கள் சாளைக்கு வரும் வழி எப்படி?

நம் காடுகளுக்குப் போகும் வழி பெரும்பாலும் இட்டேரிதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலியும் கல்லுக்காலும் நெருக்கி நிற்க, மாட்டு வண்டிக்கென்று விட்ட தடம் அது. மூன்று மீட்டர் உயரமும் நான்கு மீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு சுவர்ப் பலகை நாலரை டன் எடை வரும். அத்தகைய பலகைகளை நிமிர்த்திச் சாய்த்து ஏற்றிய டிரெய்லர், இட்டேரியின் திருப்பத்தில் திரும்ப வேண்டும்; மோட்டாருக்குப் போகும் மின்கம்பிகளுக்குக் கீழே இடிக்காமல் நுழைய வேண்டும்; மழை பெய்து ஊறிய தடத்தில் சக்கரம் புதையாமல் வர வேண்டும். அதன் பின் கிரேன். நம் ஊரில் எளிதாக வாடகைக்குக் கிடைக்கும் ஹைட்ரா கிரேனின் மேல் 14 டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நாலரை டன் அதற்கு எம்மாத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அளவு கையைக் குறுக்கி வைத்திருக்கும்போதுதான் பொருந்தும். கை நீள நீளத் தூக்கும் திறன் சரசரவென்று இறங்கும். வீட்டின் பின்பக்கச் சுவரை முன்பக்கம் நின்றுகொண்டு எட்டி நிறுத்த வேண்டுமென்றால் பெரிய கிரேன் வேண்டும். அது கால் ஊன்ற இறுகிய தரை வேண்டும். கிரேன் வாடகை ஒப்பந்தத்தில் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள்.

45 நாள் என்ற கணக்கையும் விளக்கமாகக் கேளுங்கள். அநேகமாக அது பலகைகளை நிறுத்தத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவது. மண் பரிசோதனை, அடித்தளம், வரைபடம் இறுதி செய்தல், அச்சு தயாரித்தல், வார்ப்பு ஆகியவை அதற்கு முன்பே கழிந்திருக்கும். காங்கேயம் பக்கத்துச் சரளை மண்ணில் அடித்தளம் பெரிய தொல்லை தராது. ஆனால் தோட்டத்தில் கரிசல் மண் இருக்குமானால், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் அந்த மண் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் வாய் பிளப்பது மூட்டுகள்தான்.

மேஸ்திரி, கோபி

தம்பி, பல ஆண்டுகளாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில் ஒரு மாற்று வழி சொல்கிறேன். வீடு முழுவதையும் ஆலையில் வார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சுவரை ஃபிளை-ஆஷ் கல்லிலோ செங்கல்லிலோ கட்டிக்கொண்டு, தளத்தை மட்டும் வார்த்த பலகைகளால் போடலாம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பலகை-விட்டம் முறை நெடுங்காலமாக நாட்டில் உள்ளது, அதற்கென்று ஐ.எஸ். 13994 என்று தரநூலும் இருக்கிறது. ஒரு பலகை ஓர் அடி அகலம், அதிகபட்சம் ஐந்தடி நீளம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். விட்டங்களை ஐந்தடிக்கு ஒன்றாகச் சுவர் மேல் வைத்து, அவற்றின் மேல் பலகைகளை வரிசையாக அடுக்கி, இடைவெளியில் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பினால் தளம் ஆயிற்று. மர உத்தரத்தின் மேல் பலகை பரப்பி மச்சு போட்ட நம் பழைய வீடுகளின் வேலைதான் இது. சென்ட்ரிங் பலகை தேவைப்படாது. பெரிய கிரேனும் வேண்டாம். இட்டேரியில் டிராக்டர் போனால் போதும். களத்திலேயே அச்சு வைத்து வார்த்தும் கொள்ளலாம்.

முழு ப்ரீகாஸ்ட்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், சுவிட்சு பெட்டி, ஏசி குழாய், பாத்ரூம் தண்ணீர்க் குழாய், பின்னாளில் வைக்க நினைக்கும் சோலார் ஒயர் வரை எல்லாவற்றையும் வார்ப்புக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். செங்கற்சுவரில் நினைத்த இடத்தில் காடி வெட்டுவதைப் போல அங்கே வெட்ட முடியாது. காடி வெட்டுகிறவன் உளி, உள்ளே பாரம் தாங்கும் கம்பியில் படும். பூஜை அறைக் கதவை நான்கு விரல் தள்ளி வைக்கலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டும்போது சொல்வது நம் வழக்கம். அதற்கு இந்த முறையில் இடமே கிடையாது. அம்மாவையும் அப்பாவையும் வரைபடத்தோடு உட்கார வைத்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்ததாரர், சேலம்

பணக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு அச்சுக்கு ஆகும் செலவு, அதே பலகை எத்தனை முறை திரும்ப வார்க்கப்படுகிறது என்பதில்தான் ஈடாகும். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை ஒன்றிய அரசின் திட்டத்தில் ப்ரீகாஸ்ட் முறையில் கட்டி 2022 மே மாதத்தில் திறந்தார்கள். ஒரே அளவுப் பலகை ஆயிரக்கணக்கில் தேவைப்படும் அத்தகைய வேலைக்கு இம்முறை அருமையாகப் பொருந்தும். திருப்பூரில் தொழிலாளர் விடுதிகள் நூறு அறை, இருநூறு அறை என்று கட்டப்படும்போதும் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். தனி வீட்டுக்கு அந்தச் சிக்கனம் கிடைப்பது அரிது.

முன்பணத்தில் மிகவும் கவனமாக இருங்கள். இந்தத் தொழிலில் ஆலையை ஓட்டும் செலவு மாதந்தோறும் நிற்காமல் இருக்கும், ஆர்டர் நின்றால் நிறுவனமே நின்றுவிடும். பெருமுதலீட்டோடு வந்த அமெரிக்காவின் காட்டெரா நிறுவனமே 2021இல் திவாலானது. பாதித் தொகையை முதலிலேயே கொடுக்காமல், அடித்தளம் முடிந்தபின், உங்கள் பலகைகள் வார்க்கப்பட்டு உங்கள் பெயர் எழுதி அடுக்கப்பட்டதை நேரில் பார்த்தபின், நிறுத்தி முடித்தபின் என்று கட்டங்கட்டமாகக் கொடுங்கள். வீட்டுக் கடன் வாங்குவதாக இருந்தால் இந்தக் கட்டங்களை வங்கி ஏற்குமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

காங்கேயத்தான்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை இட்டேரியை டேப் வைத்து அளந்தோம். குறுகிய இடத்தில் ஒன்பது அடிதான் இருக்கிறது; திருப்பத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வேலியும் கிணற்று மேடும் வருகின்றன. டிரெய்லர் வர வேண்டுமென்றால் அவருடைய வேலியைப் பிரிக்க வேண்டும். அதை அப்பா விரும்பவில்லை. எனவே கோபி மேஸ்திரி ஐயா சொன்ன பலகை-விட்டம் தளத்தையே எண்ணியிருக்கிறோம். இரண்டு ஐயங்கள் உள்ளன. மேல் அறையின் சுவர் பாரத்தை அந்தத் தளம் தாங்குமா? ஐப்பசி மழையில் பலகை இடுக்குகளில் நீர் இறங்காதா?

கட்டமைப்புப் பொறியாளர், கோவை

மேல் அறையின் சுவர்கள் கீழ்ச்சுவர்களுக்கு நேர் மேலே வருமாறு வரைபடத்தை அமைத்துவிட்டால் முதல் ஐயத்துக்கு இடமே இல்லை. ஏதேனும் ஒரு சுவர் நடு அறையின் மேல் வந்தே தீரும் என்றால், அந்த இடத்தில் வழக்கமான விட்டத்துக்குப் பதிலாகத் தனியே கணக்கிட்ட உத்தரம் ஒன்றைத் தளத்திலேயே வார்க்க வேண்டும்; பலகையின் மேல் நேரடியாகச் சுவர் எழுப்பக் கூடாது. விட்டங்களிலிருந்து மேலே நீட்டி நிற்கும் வளையக் கம்பிகளைக் கூலியாள்கள் நடமாட இடைஞ்சல் என்று மடக்கிவிட விடாதீர்கள். மேலே ஊற்றும் கான்கிரீட்டையும் விட்டத்தையும் ஒன்றாகப் பிணைப்பவை அவைதான். எல்லாச் சுவர்களின் தலையிலும் தளத்தோடு சேர்த்துக் கம்பி வைத்த கான்கிரீட் சுற்றுக்கட்டு ஒன்று ஓட வேண்டும். நிலநடுக்கத்தின்போது பலகைகள் தனித்தனியே நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும்.

நீர் இறங்குவதைப் பொறுத்தவரை, இடுக்குகளில் நிரப்பும் கான்கிரீட்டில் சிறு ஜல்லி போட்டு, அதை ஊற்றும் முன் பலகை விளிம்புகளைத் தூசி போக்கி நனைத்து வையுங்கள். குறுக்கே கம்பி வைத்து நிரப்பி முடித்தபின் குறைந்தது ஒரு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். அப்போதே கீழே நின்று ஈரம் காணும் இடங்களைக் கரியால் குறித்துக்கொண்டால், நீர்த்தடுப்புப் பூச்சுக்கு முன் அவற்றைச் சரிசெய்துவிடலாம். அதன் மேல் வாட்டத்தோடு வெள்ளை ஓடு பதித்தால் மழையோடு வெயிலுக்கும் காப்பாகும். விட்டங்களின் கம்பி அளவு அறையின் அகலத்தைப் பொறுத்தது; அறை அளவுகளை இங்கே பதிவிட்டால், உங்கள் பகுதிப் பொறியாளரிடம் எவற்றைக் கணக்கிடச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.