புரி, கோனார்க்: மூணு நாள் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி. ஒடிசாவுல புவனேஸ்வர்ல இறங்கி புரி, கோனார்க், சிலிகா ஏரி பாக்கணும். எங்க தங்கலாம்?

பதில் 1: புரியிலேயே தங்கிடுங்க. புவனேஸ்வர்ல இருந்து 60 கிலோமீட்டர்தான், கிளம்புறப்பவே அங்க இருக்கிற லிங்கராஜர் சிவன் கோயிலைப் பாத்துடலாம். புரி ஜகந்நாதர் கோயிலுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. சிங்க வாசல்ல 22 படி, அம்மாவை மெதுவா ஏத்துங்க. கோயிலுக்குள்ள பிரசாதம் விக்கிற ஆனந்த பஜார்ல மண்சட்டி மகாபிரசாதம் வாங்கி, தரையில உக்காந்து சாப்பிடணும். அதுல வர்ற டால்மா (பருப்பும் காயும் சேர்த்துச் செய்யறது) பத்தி எங்க அம்மா இன்னும் பேசுறாங்க!

பதில் 2: கோனார்க் சூரியன் கோயிலுக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க. புரியில இருந்து கடலோர ரோடு, 35 கிலோமீட்டர். கோயில்ல கல் சக்கரம் மொத்தம் 24. எல்லாத்தையும் சுத்திப் பாக்கணும்னு இல்ல. சிலிகாவுக்கு சாத்பாடாங்கிற ஊர்ல படகு ஏறுங்க. டால்பின் தெரிஞ்சா அதிர்ஷ்டம்.

கேட்டவர்: 22 படின்னதும் அம்மா முகம் சுருங்கிச்சு. டால்மான்னேன், பெட்டி எடுத்துட்டாங்க.