மறு: மாடல் ரயில்ல சக்கரம் வாபிள் ஆகுறதுக்கு (ஆடிக்கிட்டே சுத்துறதுக்கு) தமிழ்ல என்ன?

> "தள்ளாட்டம்"னே வச்சிருவோமே, எல்லாருக்கும் புரியும், இதுக்கு எதுக்கு இவ்ளோ மெயில்

ஐயா, தள்ளாட்டம்னா புரியும்தான். ஆனா அது கண்ணுக்குத் தெரியறதை மட்டும்தான் சொல்லுது, கோளாறு எங்கன்னு சொல்லலை. ஹெச்.ஓ. (நிஜ ரயில்ல 87ல ஒரு பங்கு அளவு மாடல்) பெட்டி ஒண்ணு டேபிள் மேல தலையை ஆட்டிக்கிட்டே ஓடுதுன்னா சக்கரத்துல மட்டும் மூணு காரணம் இருக்கலாம், மூணுக்கும் வைத்தியம் வேற வேற, எல்லாத்தையும் நம்ம சொல் பட்டியல்ல ஒரே பேர்ல எழுதி வச்சா படிக்கிறவர் ஒழுங்கா இருக்கிற சக்கரத்தைத் திருகி உடைச்சிட்டு நம்மளைத் திட்டுவார்.

முதலாவது, சக்கரம் இருசுக்குச் செங்குத்தா உட்காராம சாய்ஞ்சு நிக்கிறது. (ஆக்சிலை அச்சுன்னு எழுதாம இருசுன்னுதான் எழுதுறேன், அச்சுன்னா ஆக்சிஸா ஆக்சிலான்னு அடுத்த மெயில் வரும்.) இதுக்கு சைக்கிள் கடையிலயே சொல் கிடக்கு. ரிம் சுத்தும்போது பிரேக் கட்டையில ஒரு பக்கம் உரசி உரசிப் போனா "கோட்டம் எடுக்கணும்"னுதானே சொல்றாங்க? குறள்ல சொற்கோட்டம், உட்கோட்டம்னு வர்ற அதே கோட்டம்தான். நாம புதுசா எதையும் செய்ய வேண்டியதில்லை.

நம்ம மாடல்ல இது ஏன் இவ்வளவு வருதுன்னா, ரெண்டு தண்டவாளத்துலயும் கரண்ட் ஓடுது, ரெண்டு சக்கரமும் இருசும் உலோகமா நேரடியா ஒட்டிக்கிட்டா ஷார்ட் ஆயிடும், அதனால ஒரு சக்கரத்துக்கு மட்டும் நடுவுல பிளாஸ்டிக் புஷ் (சின்ன வளையம்) வச்சு ஏத்துறாங்க, அந்தப் புஷ்தான் பெரும்பாலும் சாயும். கழட்டி ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு, விளிம்புக்குப் பக்கத்துல ஒரு குண்டூசியை அசையாம வச்சுச் சுத்திப் பாருங்க. இடைவெளி கூடிக் குறைஞ்சா கோட்டம். புஷ் இருக்கிற சக்கரத்தை இருசு மேலயே மெல்லத் திருகிக்கிட்டே அழுத்தி, திரும்ப ஊசியை வச்சுப் பாக்கணும், நேராகுற வரைக்கும். நேரானதும் ரெண்டு சக்கரத்துக்கும் உள்பக்கமா எவ்வளவு இருக்குன்னு கேஜ் போடுங்க, ஹெச்.ஓ.க்கு 14.4 மி.மீ. பக்கம் வரணும். இதை விட்டுட்டா வண்டி நேர்ப்பாதையில ஜம்முனு போயிட்டு பாயிண்ட்ல (தண்டவாளம் பிரியற இடத்துல) ஏறி விழும்.

ரெண்டாவது, நடு ஓட்டையே நடுவுல இல்லாதது. இப்ப ஊசியை சக்கரத்துக்கு மேல வைங்க, இடைவெளி மாறினா இதுதான். பெட்டி பக்கவாட்டுல ஆடாது, குதிக்கும். இதுக்கு "மையப்பிசகு"ன்னு முன்மொழியறேன். கணக்குப் புத்தகத்து மையத்தொலைத்தகவை (எக்சென்ட்ரிசிட்டி) இங்க இழுத்துட்டு வர வேண்டாம், அது நீள்வட்டத்தோட போகட்டும். கையால திருகி இது சரியாகாது, லேத் இருந்தா கடையலாம், இல்லாதவங்க தூக்கிப் போட்டுட்டு வேற ஜோடி வாங்கிக்கறதுதான்.

மூணாவது, ஊசிமுனை இருசு, போகில (முழுப் பெட்டி இல்லை, அதுக்கு அடியில சக்கரங்களைப் பிடிச்சிருக்கிற சட்டம்) இருக்கிற கூம்புக் குழியில லூசா கிடக்கிறது. மெக்கானிக் பாஷையில "ஆட்டம்", அதுவே போதும். குழி தேய்ஞ்சிருந்தா பித்தளைக் கிண்ணம் ஒண்ணு வைக்கலாம், இருசு நீளம் பத்தலைன்னா சரியான நீளத்துல மாத்தணும்.

-----

> கோட்டம்

நல்லாத்தான் இருக்கு, ஆனா ரயில்வேல கோட்டம்னா டிவிஷன் ஆச்சே! 2007ல பாலக்காட்டுல இருந்து பிரிச்சதே சேலம் கோட்டம்தான். நம்ம ஆளுங்க மாடல் பண்றதே ரயில், "சேலம் கோட்டத்தில் கோட்டம் எடுக்கப்பட்டது"ன்னு எவனாவது எழுதினா என்ன பண்ணுவீங்க? அப்புறம் யாழ்ப்பாணத்து ஆக்கள் சக்கரத்தைச் சில்லு எண்டுதான் சொல்லுவினம், இங்க சில்லுன்னா கம்ப்யூட்டர் சிப்பு, அதையும் பாத்துக்குங்க.

-----

எழுதறவன் எழுதிட்டுப் போகட்டுமே, சிரிச்சுக்கிட்டே புரிஞ்சுக்குவாங்க :-) தலைப்புல மட்டும் "சக்கரக் கோட்டம்"னு முழுசா போடுவோம், வினையா வரும்போது "கோட்டம் எடு"ன்னாலே குழப்பம் இல்லை, டிவிஷனை யாரும் எடுக்க மாட்டாங்க. சில்லை இணைச்சொல்லா பக்கத்துலயே போட்டுரலாம், ஈழத்து நண்பர்கள் தேடினா கிடைக்கணும்.

தள்ளாட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அதுக்கும் வேலை இருக்கு. சக்கரம் மூணு சோதனையிலயும் பாஸாகியும் பெட்டி மட்டும் கூரையை ஆட்டிக்கிட்டே போகும் பாருங்க, ரெண்டு போகி திருகாணியும் லூசா இருந்தா அப்படித்தான். ஒண்ணை இடவலமா திரும்ப மட்டும் விடற அளவுக்கு இறுக்கிட்டு, இன்னொண்ணை எல்லாப் பக்கமும் அசைய விட்டா நின்னுடும். அதுக்குத் தள்ளாட்டம்னு வைப்போம்.

அந்த 14.4 மி.மீ. உள் அளவுக்குத்தான் இன்னும் பேர் இல்லை. "உள்ளிடை"ன்னு தோணுது, யாருக்காவது ஆட்சேபணையா?