‘அனுமானச் சம்மதம்’ வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நினைவிழந்து வருபவருக்குக் கையெழுத்தில்லாமல் சிகிச்சை தொடங்குவதை ‘அனுமானச் சம்மதம்’ எனலாம் என்கிறீர்கள். டர்பனில் அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்த என்னால் அதை ஏற்க முடியவில்லை. பேச்சற்றுக் கிடப்பவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. ‘மௌனம் சம்மதம்’ என்பதெல்லாம் பெண் பார்க்கும் கூடத்துப் பேச்சு. அங்கேயும் அது செல்லக் கூடாது என்பேன்.

ஓர் இரவு சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பெரியவரை அவர் மருமகள் கொண்டுவந்தாள். அவள் விரலில் சோற்றுப் பருக்கை காயாமல் ஒட்டியிருந்தது. “எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?” என்று கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் கையெழுத்து செல்லாது என்று நான்தான் சொன்னேன். தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டம், நோயாளிக்காக யார் இசைவு தரலாம் என்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது: கணவன் அல்லது மனைவி, துணை, பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, உடன்பிறந்தோர். தினமும் அவருக்குச் சோறு போட்டவள் அதில் இல்லை.

மருத்துவர் மகன் வரும்வரை காத்திருக்கவில்லை. “சிகிச்சை வேண்டாம் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?” என்று மட்டும் கேட்டார். “இல்லை” என்றாள். ஊசி ஏறியது. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: தாமதித்தால் உயிர் போகும் அல்லது மீளாத கேடு வரும் என்ற நிலையில், நோயாளி வெளிப்படையாகவோ குறிப்பாகவோ நடத்தையாலோ மறுத்திராவிட்டால், இசைவின்றியே சிகிச்சை தரலாம். இல்லாத சம்மதத்தை அது நோயாளியின் தலையில் கட்டவில்லை. எனவே, நோயாளி மறுக்காத நிலையில் தரும் இதற்கு ‘மறாநிலைச் சிகிச்சை’ என்ற பெயரை முன்மொழிகிறேன்.

*

அம்மா, உங்கள் நியாயம் சரி. ஆனால் ‘மறாநிலை’யை அவசரத்தில் ‘மாறாநிலை’ என்று வாசித்துவிடுவார்கள். நோயாளியின் குறிப்பேட்டில் அது ஆபத்து. ‘மறுப்பிலாச் சிகிச்சை’ என்றாலோ, மருத்துவமனை மறுக்காத சிகிச்சை என்று பொருள் திரியும். அது தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27(3)ஆம் பிரிவு தரும் வேறொரு உரிமை: அவசரச் சிகிச்சை எவருக்கும் மறுக்கப்படக் கூடாது. ‘மறுப்புரையா நிலை’ பொருந்துமா?

*

‘மாறாநிலை’ எனக்குத் தோன்றவே இல்லை, ஐயா. நன்றி. ஆனால் ‘உரை’ என்றால் வாய்ச்சொல் மட்டும் ஆகிவிடும். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்பவரும் மறுக்கிறார். ‘மறுப்புக் காட்டா நிலை’ என்று வைத்துக்கொள்வோம்.