பாட்டி கட்டிய பட்டுச்சேலை: வெட்டும் முன், துவைக்கும் முன், மடித்து வைக்கும் முன்

மலேசியா, கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து:
தீபாவளி நெருங்கினால் பாட்டி கட்டிய காஞ்சிபுரத்தைப் பேத்திக்குப் பாவாடையாகத் தைக்கத் தருவார்கள். முதலில் மடிப்புக் கோட்டைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த இடம் கீறல் கீறலாகத் தெரியும். இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுக்கும்போதே நூல் விலகினால், ஓடியாடும் பிள்ளைக்கு அது தாங்காது. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோத்த கோர்வைச் சேலையில் இரண்டும் சேரும் வரியும் அப்படித்தான், முதலில் பிரிவது அங்கேதான்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுமார் 24 அங்குலம். வளர வளர இறக்கிவிட டக்குக்கு 3, இடுப்புப் பட்டிக்கு 2 சேர்த்தால் 29. சேலையின் அகலம் 48 என்றால் மேல்கரையோடு 19 அங்குலம் மிஞ்சும். சட்டையின் கைக்கு அந்தக் கரையே போதும். சுற்றளவுக்கு இரண்டரை மீட்டர். முந்தானையை மட்டும் தொடாதீர்கள். சேலையை அடையாளம் காட்டுவதே அதுதான், வெட்டிவிட்டால் மீதி வெறும் பட்டுத் துணி.

பாலியெஸ்டர் நூல் வேண்டாம். பழைய பட்டைவிட அது உறுதியானது, இழுபடும்போது துணியைத்தான் அறுக்கும். பருத்தி நூல், புது மெல்லிய ஊசி, சற்று நீளமான தையல். பொடித் தையல் வரிசையாக ஓட்டை போட்டுக் கிழிவதற்கு வழி செய்துவிடும். உள்ளே கொடுக்கும் மல் துணியை முன்பே நனைத்துக் காயவையுங்கள், பிறகு சுருங்கினால் பட்டும் சேர்ந்து சுருக்கம் விழும்.

பினாங்கிலிருந்து:
இங்கே பல வீடுகளில் இருப்பவை ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து தகரப் பெட்டியில் வந்த சேலைகள். பெட்டியின் விளிம்பு பட்ட இடமெல்லாம் பழுப்புத் துருப்புள்ளி. அதைப் போக்கக் குளோரின் கலந்த வெளுப்பான் ஊற்றினால் பட்டே கரைந்துவிடும். புள்ளியை அப்படியே விட்டுவிட்டு, இனி இரும்பு படாமல் பார்த்துக்கொள்வதே நல்லது. கம்பி ஹேங்கரும் கூடாது.

இந்த ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் உறை பெரிய ஆபத்து. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துவைத்துக் கஞ்சி போக்கிய பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழை இல்லாத நாளில், நிழலில் விரித்துவிட்டு வேறு இடத்தில் மடியுங்கள். அந்துருண்டை வைப்பதானால் துணியில் முடிந்து, சேலையில் படாமல் வையுங்கள். சூடத்தையும் அதையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டும் இளகி எண்ணெய்க் கறை விடும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
கறுத்த சரிகையைப் பற்பசை, எலுமிச்சை, சோடா மாவு போட்டுத் தேய்க்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். அசல் சரிகை என்பது பட்டு நூலில் சுற்றிய வெள்ளி, அதன்மேல் மெல்லிய தங்கப் பூச்சு. கறுப்பது வெள்ளி. தேய்த்தால் முதலில் போவது தங்கம், அது திரும்ப வராது. மங்கலாக இருப்பதே அதன் வயதுக்கு அழகு.

துவைப்பதற்கு முன் ஈரப் பஞ்சை உள்விளிம்பில் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். அரக்குச் சாயமோ கருநீலச் சாயமோ பஞ்சில் ஒட்டினால் தண்ணீரே வேண்டாம், உலர்சலவைதான். கொடுக்கும்போதே வெள்ளிச் சரிகை என்று சொல்லிவிடுங்கள். தைப்பூசத்துக்குக் கட்டிய சேலை என்றால் அன்றே வேர்வை உலரக் காற்றாட விடுங்கள். அக்குளில் அந்த உப்பு தங்கினால் பட்டு அங்கிருந்து நையும்.

பினாங்கிலிருந்து, முன்பு எழுதியவரே:
வேர்வை சரிதான். ஆனால் எல்லாக் கறையையும் எடுத்தே ஆக வேண்டுமா? நலங்கில் பட்ட மஞ்சள், அம்மா கையால் தைத்த ஃபால்ஸ் தையல் இவையெல்லாம் போன பிறகு அந்தச் சேலை கடைச் சரக்குதான். எது யார் நினைவு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு டோபி கடைக்குக் கொடுங்கள்.

யாருடையது, எந்தக் கல்யாணம், எந்த வருடம் என்பதைக் காடாத் துண்டில் பென்சிலால் எழுதி, ஃபால்ஸில் நாலு தையல் போட்டு வையுங்கள். பேனா மை ஊறும், குண்டூசி துருப்பிடிக்கும்.